ஒட்டுத்தாளுக்கு அடியில்



உயிர்ப்புத் திருநாள் முடிந்ததும் வீடுகளை மந்திரிக்கச் செல்வது நமது பங்குகளில் பழைய வழக்கம். தீர்த்தச் செம்பை ஏந்திக் கோயிற்பிள்ளை முன்னே நடப்பார். நாம் பின்னே செல்வோம். வாசற்படி, அடுப்படி, படுக்கையறை, பிள்ளைகள் படிக்கும் மூலை என எல்லா இடங்களிலும் தீர்த்தம் தெளிப்பதுண்டு. 2024-ஆம் ஆண்டில் அவ்வாறு சென்றபோது, ஒரு வீட்டில் அவ்வீட்டு அம்மா கையை நீட்டி நம்மைத் தடுத்தார். "சாமி, அந்தப் பீரோவின்மேல் மட்டும் தீர்த்தம் தெளிக்க வேண்டாம். இன்னும் ஈரம் பட்டால் மிச்சமும் ஊதிவிடும்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவர் முகத்தில் வாட்டம் தெரிந்தது.

அந்தப் பீரோவை நாமும் உற்று நோக்கினோம். தேக்கு மரத்தாலோ இரும்பாலோ ஆனதன்று அது. அட்டைப் பெட்டியில் பலகை பலகையாக அடுக்கி லாரியில் வரும் வகை. கூடவே ஒரு பொட்டலம் திருகாணியும், எழுத்தே இல்லாத படத்தாள் ஒன்றும் வரும். படத்தைப் பார்த்து நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். அவ்வீட்டு மகன் தன் முதற் சம்பளத்தில் வாங்கி, ஒரு ஞாயிறு மாலை முழுவதும் உட்கார்ந்து பூட்டி நிறுத்தியது அது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நமது தென்பகுதியில் பெய்த பேய்மழையை வாசகர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. தாமிரபரணி கரை கடந்தது. அவ்வீட்டுக்குள் ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர் இரண்டு நாள் நின்றது. பாட்டன் காலத்து மரக்கட்டில் அந்தத் தண்ணீரைத் தாங்கிக்கொண்டது. பீரோவோ தண்ணீரைக் குடித்தது. அடிப்பாகம் நனைந்த ரொட்டியைப்போல் உப்பி, மேல்தோல் வெடித்து நின்றது.

வைகாசி பிறந்ததும் மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அந்த அம்மாவின் முன்னே இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, 40,000 ரூபாய் கடன் வாங்கிப் புதிய பீரோவும் நாற்காலிகளும் வாங்கிப் போடுவது. கடன் கொடுப்பவர் கேட்டது மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டி. இரண்டாவது வழியை மகள் கண்டுபிடித்திருந்தாள். தேக்குமர வரி அச்சிட்ட வினைல் ஒட்டுத்தாள் சுருள் சுருளாகக் கடைகளில் கிடைக்கிறது. பின்புறத் தாளை உரித்துவிட்டு ஒட்டினால், பழைய பீரோ பார்வைக்குப் புதியதாகிவிடும். "ஊதியிருக்கும் இடத்தையும் அதனால் மூடிவிடலாம் சாமி. யாருக்கும் தெரியாது. ஒட்டலாமா?" என்று அம்மா கேட்டார்.

எளிய கேள்விதான். ஆயினும் நம்மால் உடனே விடை சொல்ல இயலவில்லை. ஏனெனில் இதே ஒட்டுத்தாள் விஷயத்தில் நாமே ஒருமுறை பாடம் கற்றவர்கள். அதை இங்கே மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

2022-ஆம் ஆண்டு உறுதிபூசுதல் வழங்க ஆயர் அவர்கள் நமது பங்குக்கு எழுந்தருளவிருந்தார். மறைக்கல்வி அறையிலிருந்த புத்தக அலமாரி மிகவும் நைந்துபோயிருந்தது. அதுவும் மரத்தூள் பலகையால் ஆனதே. சுவரின் ஈரம் அதன் முதுகுப் பலகையில் ஏறியிருந்தது நமக்குத் தெரியும். இருந்தும் நாள் நெருங்கிவிட்டதே என்ற அவசரத்தில், இளைஞர் இருவரை அழைத்து, ஒரே இரவில் அதன்மேல் நீலப் பூ அச்சிட்ட ஒட்டுத்தாளை ஒட்டச் செய்தோம். ஆயர் வந்தார், அலமாரியைப் பார்த்து, "அறையை அழகாக வைத்திருக்கிறீர்கள்" என்று பாராட்டவும் செய்தார். நாமும் அந்தப் பாராட்டை வாங்கி வைத்துக்கொண்டோம். அடுத்த மழைக்காலம் வந்தது. நீலப் பூக்களுக்கு நடுவே கொப்புளங்கள் எழுந்தன. ஒரு நாள் ஓரத்தை உரித்துப் பார்த்தபோது, அடியில் பலகையைக் காணோம். கரையான் மண் மட்டுமே இருந்தது. புதிதாக வாங்கியிருந்த மறைக்கல்விப் புத்தகங்களில் பாதியும் போய்விட்டன. திறந்து கிடந்திருந்தால் முதல் வாரத்திலேயே கண்ணில் பட்டிருக்கும். நாம் ஒட்டிய தாள்தான் கரையானுக்குத் திரையாக நின்றது.

ஆகவே அந்த அம்மாவிடம், "ஒட்டலாம் அம்மா, ஆனால் இன்றைக்கு வேண்டாம்" என்று மட்டும் கூறிவிட்டு, வின்சென்ட் தே பவுல் சபையில் உழைத்துவரும் முதிய தச்சர் ஒருவரை மறுநாள் அவ்வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். அவர் செய்ததை விரிவாகச் சொல்லுமுன், இந்தப் பலகையும் தாளும் எப்படி வந்தவை என்பதைச் சற்றே அறிந்துகொள்வது நல்லது. இவற்றைப் "போலிச் சரக்கு" என்று இகழ்ந்து பேசுவோர் நம்மிடையே உண்டு. அது நியாயமன்று.

பாகம் பாகமாகப் பிரித்து அனுப்பும் மரச்சாமான் இன்று நேற்று வந்ததன்று. மிக்கேல் தோனெட் என்பவர் 1859-ஆம் ஆண்டில் செய்து விற்ற வளைமர நாற்காலி, ஆறே மரத்துண்டுகளும் சில திருகாணிகளும் கொண்டது. பிரித்து அடுக்கினால் 36 நாற்காலிகள் ஒரு கன மீட்டர் பெட்டியில் அடங்கிவிடும். அவ்வாறே அவை வியன்னாவிலிருந்து உலகமெங்கும் கப்பலேறின. பின்னர் 1956-இல், ஐக்கியா என்னும் சுவீடன் நாட்டு நிறுவனத்தில் பணிபுரிந்த கில்லிஸ் லுண்ட்கிரென், ஒரு மேசையைக் காரில் ஏற்ற முடியாமல் அதன் கால்களைக் கழற்றினார். அதிலிருந்தே தட்டையான பெட்டிகளில் அடைத்து விற்கும் முறை அந்நிறுவனத்தில் வேரூன்றியது. இடத்தை அடைக்கும் காற்றுக்கும் சேர்த்து வண்டிச் சத்தம் கொடுப்பானேன் என்பதே இதன் சூட்சுமம். சத்தம் குறைய விலையும் குறைந்தது. எளியவர் வீட்டிலும் அலமாரி வந்தது.

மரத்தூள் பலகையும் அப்படியே. அறுவை ஆலையில் எறிந்துவிடும் சிம்பையும் தூளையும் பிசினோடு கலந்து, சூட்டில் அழுத்திப் பலகையாக்குகின்றனர். இரண்டாம் உலகப்போரின்போது மரத்துக்குத் தட்டுப்பாடு நேர்ந்த ஜெர்மனியில் இத்தொழில் வளர்ந்தது. நமது நாட்டில் கரும்புச் சக்கையிலிருந்தும் இத்தகைய பலகை செய்கிறார்கள். அப்பம் பலுகச் செய்த ஆண்டவர், மீந்த துண்டுகளை வீணாகாதபடி சேர்த்து வைக்கச் சொன்னாரே, அதை நினைப்பவர்கள் இந்தப் பலகையை இகழமாட்டார்கள். அதன் குறை ஒன்றே: தண்ணீரைக் கண்டால் தூள்கள் உப்பிப் பிசின் விட்டுப்போகும். ஒருமுறை உப்பியது மீண்டும் பழைய அளவுக்கு வராது.

ஒட்டுத்தாளின் கதையும் சுவையானது. அமெரிக்க வேதியியலார் வால்டோ செமன் 1926-இல் ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்கும் பசை ஒன்றைத் தேடி ஆராய்ந்துகொண்டிருந்தார். தேடிய பசை அகப்படவில்லை. வளைந்து கொடுக்கும் வினைல் அகப்பட்டது. 1935-இல் ஸ்டான்டன் ஏவரி என்பவர், பின்புறத் தாளை உரித்து அப்படியே ஒட்டும் சீட்டைச் செய்யத் தொடங்கினார். அத்தொழிலுக்கு அவரை மணக்கவிருந்த பெண் கொடுத்த 100 டாலர் கடனே முதல். 1958-இல் ஜெர்மனியில், வீட்டுச் சாமான்களில் ஒட்டுவதற்கென்றே டி-சி-ஃபிக்ஸ் என்ற பெயரில் வினைல் சுருள் விற்பனைக்கு வந்தது. இன்று நமது ஊர்க் கடைகளில் 45 சென்டிமீட்டர் அகலத்தில் தொங்கும் சுருள்களெல்லாம் அந்த வமிசத்தைச் சேர்ந்தவையே. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. இந்தக் கனத்தை நினைவில் வையுங்கள். பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் எதையும் தாங்காது, எதையும் நிமிர்த்தாது. அடியிலிருப்பதன் வடிவையே தானும் எடுத்துக்கொள்ளும்.

இனி, தச்சர் செய்ததைக் கேளுங்கள். வீட்டில் இவ்வேலை செய்ய விரும்புவோருக்கு இது வழிகாட்டியாகவும் அமையும்.

அவர் முதலில் தாளைக் கையாலும் தொடவில்லை. பீரோவின் பலகைகளை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே மேலிருந்து கீழே வந்தார். கெட்டியாக ஒலித்த இடத்தில் ஒரு கோடு போட்டார். மந்தமாக ஒலித்த இடத்தில் நகத்தை அழுத்திப் பார்த்தார். நகம் இறங்கியது. "இதற்குமேல் தாள் ஒட்டினால் சேற்றின்மேல் பாய் விரித்ததுபோலத்தான்" என்றார். பிறகு திருகாணிகளைக் கழற்றிப் பீரோவை மறுபடி பலகை பலகையாக்கினார். பிரித்துப் பூட்டும் சாமானின் நன்மையே இதுதான். கெட்ட பாகத்தை மட்டும் மாற்ற முடியும். பலகைகளை வெயிலில் போடாமல், காற்றோட்டமான நிழலில் மூன்று வாரம் நிறுத்தி வைக்கச் சொன்னார். வெயிலில் போட்டால் கோணிக்கொள்ளுமாம். அந்த மூன்று வாரமும் வீட்டு அம்மா பொறுமை இழந்து தவித்ததை நாம் அறிவோம்.

உலர்ந்தபின், உப்பிய அடிப்பாகத்தைக் கோட்டோடு அறுத்தெறிந்தார். பீரோ ஒரு சாண் குட்டையாயிற்று. அடித்தட்டுக்குத் தண்ணீர் தாங்கும் பிளைவுட் துண்டு ஒன்றைப் பொருத்தி, அதன்கீழ் நான்கு அங்குல உயரத்தில் கட்டைக் கால்கள் வைத்தார். இனி வீட்டைக் கழுவிவிட்டாலும் தரை ஈரம் ஏறாது. அறுத்த ஓரங்கள் தண்ணீரை விரைந்து குடிப்பவை; ஆதலால் அவற்றுக்கு இரண்டு கை பிரைமர் அடித்தார். பள்ளங்களுக்குப் பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, கையால் தடவினால் மேடு பள்ளம் தெரியாதவரை மழமழப்பாக்கினார்.

அதன் பின்னரே துடைக்கும் வேலை. சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை, கடைசியில் ஸ்பிரிட் தொட்டு ஒருமுறை. பலகையில் எண்ணெய்ப் பிசுக்கோ, மெழுகுவர்த்தி மெழுகோ, தூசியோ இருந்தால், பசை பலகையைப் பிடிக்காமல் அந்த அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். அழுக்கு உதிரும்போது தாளும் உதிரும். ஐயமிருந்தால் மறைவான ஓரிடத்தில் சிறு துண்டை ஒட்டி ஓர் இரவு விட்டுவைக்கலாம். காலையில் எளிதாக உரிந்து வந்தால், பலகை இன்னும் ஆயத்தமாகவில்லை என்று பொருள்.

ஒட்டும் வேலையைத் தச்சர் தாமே செய்யவில்லை. தகப்பனையும் மகளையும் செய்யச் சொல்லி அருகில் நின்றார். கைப்பிடி, கீல் எல்லாம் கழற்றியாயிற்று. தாளின் பின்புறத்தில் சதுரக் கோடுகள் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றை வைத்து அளந்து, நான்கு புறமும் இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும். பின்தாளை முழுவதும் ஒரே மூச்சில் உரிப்பது முதல் தவறு. உரித்த தாள் தன்மேல் தானே ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிக்க முடியாது. ஒரு சாண் மட்டும் உரித்து, மேல் ஓரத்தை நேராகப் பொருத்தி, ஒருவர் பின்தாளை மெல்ல இழுக்க, மற்றவர் துணி சுற்றிய அட்டையால் நடுவிலிருந்து ஓரங்களை நோக்கித் தேய்த்துக்கொண்டு வரவேண்டும். இருவர் கைகளும் ஒரே நிதானத்தில் போகவேண்டும். ஒருவர் அவசரப்பட்டால் தாள் சுருங்கும். காற்றுக் கொப்புளம் எழுந்தால் பதறி உரிக்காமல், மெல்லிய ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றி அழுத்தினால் போதும்.

மூலைகளில் முடி உலர்த்தும் கருவியால் இளஞ்சூடு காட்டினால் தாள் இணங்கி வளையும். ஆனால் இழுத்து நீட்டி ஒட்டலாகாது. தாள் இரண்டு அங்குலம் குறைகிறதே என்று மகள் இழுத்தபோது, தச்சர் தடுத்துவிட்டார். "நீட்டினால் இன்றைக்குப் போதும்போல் இருக்கும் அம்மா. நாள் போகப் போகத் தன் பழைய அளவுக்கே திரும்பும், ஓரத்தில் பலகை பல்லிளிக்கும்" என்றார். வினைலின் இயல்பு அது. பழைய ஆடையில் கோடித் துணியை ஒட்டுப்போடுவதைப்பற்றி ஆண்டவர் கூறியது அப்போது நம் நினைவுக்கு வந்தது. குறைந்த இடத்தில் வேறு துண்டு வைத்து, வரிக்கு வரி பொருத்தி முடித்தார்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். வீட்டுப் பீடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும் பலகையிலும் அடுப்புக்கு அருகிலும் இந்தத் தாளை ஒட்டவேண்டாம். சூட்டில் உருகும், எரிந்தால் மூச்சைக் கெடுக்கும் புகை வரும். மற்றொன்று, உயரமான பீரோ எதுவாயினும் சுவரோடு இரும்புப் பட்டை வைத்து முடுக்கிவிடுங்கள். பிள்ளைகள் இழுப்பறையைத் திறந்து அதில் ஏறும்போது பீரோ முன்னால் சாயும். இவ்வாறு குழந்தைகள் மாண்டதனால் 2016-இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் 2 கோடியே 90 லட்சம் இழுப்பறைப் பெட்டிகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. வெளித்தோற்றம் எவ்வளவு அழகாயினும், சாயும் பீரோ சாயத்தான் செய்யும்.

பிளைவுட், பிரைமர், ஒட்டுத்தாள், திருகாணி யாவும் சேர்த்துச் செலவு 3,000 ரூபாய்க்குள் அடங்கிற்று. தச்சர் கூலி வாங்கவில்லை. இரண்டு வேளை தேநீர் மட்டும் குடித்தார்.

பெண் பார்க்க வந்த நாளைப்பற்றி அந்த அம்மா பின்னர் நம்மிடம் கூறினார். வந்தவர்களில் மாப்பிள்ளையின் அத்தை ஒருவர், பீரோவின் கதவைத் தடவிப் பார்த்து, "நல்ல சாமான், புதிதாக வாங்கினீர்களா?" என்று கேட்டிருக்கிறார். "ஆமாம்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல் அம்மாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டதாம். அதற்குள் உப்பளத் தொழிலாளியான அவர் கணவர், "இல்லை அம்மா, வெள்ளத்தில் நனைந்த பீரோ. அடியை அறுத்துச் சரிசெய்து நாங்களே தாள் ஒட்டினோம். என் மகள்தான் ஒட்டினாள்" என்று சொல்லிவிட்டார். சற்று நேரம் எவரும் பேசவில்லை என்றார் அந்த அம்மா.

வாசகர்கள் எதிர்பார்க்கும் முடிவு வேறாக இருக்கலாம். அந்த உண்மையைக் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் உள்ளம் உருகி, உடனே தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள் என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். நடந்தது அதுவன்று. அந்தச் சம்பந்தம் கூடிவரவில்லை. மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை, பெண்ணுக்கு அவ்வளவு தூரம் போக மனமில்லை என்பதே இருபுறமும் சொன்ன காரணம். ஆயினும் பீரோவும் ஒரு காரணமாயிருக்குமோ என்று அந்தத் தாய் பல நாள் மனம் குமைந்தார். கணவரோடு சில நாள் பேசாமலும் இருந்தார். நம்மிடம் வந்து, "உண்மை பேசி என்ன கண்டோம் சாமி?" என்று கேட்டபோது, நாம் பெரிய பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. "உங்கள் வீட்டில் கடன் இல்லை அம்மா" என்றோம். அவ்வளவே.

அந்தச் சொல்லின் பொருள் மழைமாதங்களில் விளங்கிற்று. ஐப்பசி கார்த்திகையில் உப்பளத்தில் வேலை கிடையாது, கூலியும் கிடையாது. 40,000 ரூபாய்க்கு நூற்றுக்கு ஐந்து வட்டி என்றால் மாதம் 2,000 ரூபாய். மே முதல் டிசம்பர்வரை எட்டு மாதத்தில் வட்டி மட்டும் 16,000 ரூபாய் போயிருக்கும். முதல் அப்படியே நின்றிருக்கும். இத்தகைய கொடுவட்டியைத் தடுக்க 2003-லேயே நமது மாநிலத்தில் சட்டம் வந்தது. இருந்தும், கௌரவம் என்ற பெயரால் நாமே தேடிச் சென்று தலையைக் கொடுக்கும்போது சட்டம் என்ன செய்யும்? பெண் பார்க்க வரும் ஒரு மாலைப்பொழுதுக்காக வாங்கிய கடனை, பெண்ணைக் கட்டிக்கொடுத்த பின்னும் ஆண்டுக்கணக்கில் அடைக்கும் குடும்பங்கள் ஒவ்வொரு பங்கிலும் உண்டு. அவர்கள் கண்ணீரை நாம் கண்டிருக்கிறோம்.

அப்படியானால் அழகுபடுத்துவது தவறா? ஒருபோதும் இல்லை. விடுதலைப் பயண நூலைத் திறந்து பாருங்கள். பாலைவனத்தில் இஸ்ராயேல் மக்கள் சுமந்து சென்ற திருக்கூடாரமே பிரித்துப் பூட்டும் வகைதான்: 48 பலகைகள், ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு கழுந்துகள், அவை பொருந்த வெள்ளிப் பாதங்கள், பாளையம் புறப்படும்போது பலகை பலகையாகக் கழற்றி எடுத்துச் செல்வார்கள். அதற்குள் வைத்த உடன்படிக்கைப் பேழையோ பொன்னால் செய்ததன்று. சீத்திம் மரத்தால் செய்து, மேலே பொற்றகடு வேய்ந்தது. எளிய மரத்துக்கு மேற்பூச்சு இடுவதை ஆண்டவர் வெறுக்கவில்லை. தாமே அதைக் கட்டளையிட்டார். ஆனால் அக்கட்டளையில் ஒரு நுட்பம் உண்டு. வெளிப்புறம் மட்டுமன்றி உட்புறமும் பொன் வேயப்படவேண்டும். மூடியிருக்கும் பேழையின் உட்புறத்தை யார் காணப்போகிறார்கள்? காண்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதே அதன் பொருள்.

வெள்ளையடித்த கல்லறைகளை நமது ஆண்டவர் கண்டித்ததும் வெள்ளையடித்ததற்காக அன்று; உள்ளே இருந்ததற்காக. பேழையும் மூடப்பட்டது, கல்லறையும் மூடப்பட்டது. ஒன்றில் மேற்பூச்சு உள்ளிருந்த உறுதியான மரத்துக்கு மரியாதை செய்தது. மற்றொன்றில் உள்ளிருந்த அழிவை மறைத்தது. நமது நீலப் பூ அலமாரி இரண்டாம் வகை. உப்பளத் தொழிலாளியின் பீரோ முதல் வகை. அந்தப் பீரோவின் உட்தட்டுகளையும் துடைத்து, அவற்றுக்கும் தாள் ஒட்டியிருந்தாள் அந்த மகள். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

குடும்பங்களிலும் இவ்விரு வகையும் உண்டு. கணவன் மனைவிக்குள் மனத்தாங்கல் நேர்கிறது. விருந்தினர் வருகிறார்கள் என்றவுடன் இருவரும் சிரித்த முகம் காட்டுகிறார்கள். அது தவறன்று, வீட்டுச் சண்டையைத் தெருவில் விரிப்பது நற்பண்பாகாது. ஆனால் விருந்தினர் போனபின், ஈரம் உலர ஏதேனும் செய்கிறார்களா? அந்த மூன்று வார நிழலுக்கு இடம் கொடுக்கிறார்களா? உப்பிப்போன பாகத்தை அறுத்தெறிய மனம் வருகிறதா? அல்லது ஒரு தாளின்மேல் மற்றொரு தாளை ஒட்டிக்கொண்டே போகிறார்களா? குடிப்பழக்கம், மறைத்து வைத்த கடன், பெற்றோரிடம் பிள்ளைகள் சொல்லாத சிக்கல் இவையெல்லாம் தாளுக்கு அடியில் வேலை செய்யும் கரையான்கள். வெளியே பூ அழகாக இருக்கும். ஒருநாள் கைவைத்தால் கை உள்ளே போகும். பாவசங்கீர்த்தனத்தில் ஆன்மாவைத் தட்டிப் பார்க்கிறோமே, அது தச்சர் விரல் முட்டியால் பலகையைத் தட்டிப் பார்த்ததைப் போன்றதுதான். எங்கே கெட்டியாக ஒலிக்கிறது, எங்கே மந்தமாக ஒலிக்கிறது என்று அறிவதற்கே அது. கோடு போட்ட பிறகு அறுப்பதும் உலர்த்துவதும் நம் கையில்.

புனித சூசையப்பர் தச்சர். தொழிலாளரான அவரைப் போற்றும் மே முதல் நாள் திருவிழாவைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-இல் ஏற்படுத்தினார். நாசரேத்து ஊரார் அவரிடம் கொண்டுவந்தவை பெரும்பாலும் புதுவேலையாக இருந்திரா. கால் உடைந்த முக்காலியும் பிடி கழன்ற கலப்பையுமாகவே இருந்திருக்கும் என்று நாம் எண்ணிக்கொள்வதுண்டு. எளியவர் ஊரில் தச்சுத் தொழில் என்பது பெரும்பாலும் செப்பனிடும் தொழிலே. அந்தப் பட்டறையில்தான் உலகத்தின் மீட்பர் உளி பிடிக்கப் பழகினார். தேவையில்லை என எறிந்துவிடும் பழக்கத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் சுற்றுமடலில் வன்மையாகக் கண்டித்ததையும் இங்கே நினைவுகூரலாம். ஒரு பழைய பீரோவைச் சீர்செய்து இன்னும் பத்தாண்டுக்கு உழைக்க வைப்பது சிக்கனம் மட்டுமன்று, சிறு அளவில் ஒரு பக்திச் செயலும் ஆகும்.

அந்தப் பெண்ணுக்கு 2025 பிப்ரவரியில், தவக்காலம் தொடங்குமுன், நமது கோவிலிலேயே திருமணம் நடந்தது. வேறு ஊர்ப் பையன்; அவனும் உழைத்துப் பிழைக்கும் குடும்பத்தவன். கல்யாணச் செலவுக்குக் கொஞ்சம் கைமாற்று வாங்கினார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்; ஆனால் பழைய கடனின் வட்டி அதன் தலையில் ஏறியிருக்கவில்லை.

அவ்வாண்டு உயிர்ப்புத் திருநாளுக்குப் பின் மீண்டும் அவ்வீட்டை மந்திரிக்கச் சென்றோம். மகள் இல்லாத வீடு சற்று வெறிச்சென்றிருந்தது. பீரோ அதே இடத்தில், கட்டைக் கால்களின்மேல், கொப்புளம் ஒன்றுமின்றி நின்றது. ஒரு மூலையில், மகள் வேறு துண்டு வைத்துப் பொருத்திய இடம் மட்டும் உற்றுப் பார்த்தால் தெரிந்தது. நாம் பழைய நினைவில் அதை விட்டுவிட்டு அடுத்த அறைக்குத் திரும்பினோம். அந்த அம்மா நம்மை நிறுத்தினார்.

"இதற்கும் தெளியுங்கள் சாமி. இனி ஒன்றும் ஆகாது" என்றார்.

தெளித்தோம். தண்ணீர் முத்து முத்தாக நின்றது. அவர் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டார். உங்கள் இல்லங்களில் உள்ள ஒவ்வொரு பலகையையும், அதன் அடியிலுள்ள ஒவ்வொன்றையும், ஆண்டவர் ஆசீர்வதித்துக் காப்பாராக.